எட்டிப்பாறையில் அன்னம் இறங்கிய கோடை

மீன்கள் முட்டையிடும் காலமென்று அரசாங்கம் கடலைப் பூட்டிவைக்கும் கோடையில், வலைகளெல்லாம் தைத்து முடிந்து, வள்ளங்களுக்கெல்லாம் வண்ணமடித்து முடிந்து, சீட்டாடி முடிந்து, சண்டை போட்டுச் சமாதானமாகியும் முடிந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபோது, சங்குமுனை ஊர்க்காரர்கள் ஒரு வேன் பிடித்துக் கூதல்மேட்டுக்குச் சுற்றுலா போனார்கள். பிறந்ததிலிருந்து தட்டையான மணலையும் தட்டையான தண்ணீரையும் பார்த்தே வளர்ந்த சனம் அது; உயரமென்றால் அவர்களுக்கு மாதா கோயில் கோபுரம்தான். ஆகவே வேன் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பி, சற்றுமுன் கடந்துவந்த சாலை காலுக்குக் கீழே தெரிந்தபோது, பெண்கள் குலவையிட்டார்கள், ஆண்கள் விசிலடித்தார்கள், டிரைவர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார்.

மீன் விற்கும் ஜெனோவா சன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் புருசன் பெர்க்மான்ஸ் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்குமுனையில் அவனைப்போலக் கடலோட்டம் பார்க்க ஆள் கிடையாது. கையைத் தண்ணீரில் வைத்தால் போதும், எது எங்கே இழுக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் தரையிலிருந்து இரண்டாள் உயரம் போனாலே கண்ணை மூடிக்கொள்வான்.

"ஏளா, இன்னும் எத்தன வளைவு இருக்கு?"

"கண்ணத் தொறந்து பாருங்க, தெரியும்."

"தொறக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

அவள் பார்த்துச் சொன்னாள். பள்ளத்தாக்கைச் சொன்னாள், பச்சைத் துணியை மடித்து மடித்து வைத்ததுபோல் கிடந்த தேயிலைச் சரிவைச் சொன்னாள், பாறையிலிருந்து கயிறுபோல் விழுந்த அருவியைச் சொன்னாள், மேகம் ஒன்று சாலையைக் குறுக்கே கடந்து போவதைச் சொன்னாள், வேனுக்குள்ளேயே கொஞ்சம் மேகம் வந்துவிட்டதைச் சொன்னாள். அவன் துண்டுக்குள்ளிருந்தே "சரி, சரி" என்றான்.

கூதல்மேட்டில் பார்க்க வேண்டியவை என்று போட்டிருந்த எல்லாவற்றையும் அவர்கள் அன்றைக்கே பார்த்துத் தீர்த்தார்கள். பூங்காவைப் பார்த்தார்கள், ஊசியிலைக் காட்டில் படமெடுத்துக்கொண்டார்கள், கேரட்டைப் பறித்துச் சேலையில் துடைத்துத் தின்றார்கள். ஏரி மட்டும் அந்தக் கோடையில் வற்றிப்போய்க் கிடந்தது. சுற்றுலாக்காரர்கள் மிதித்து ஓட்டும் அன்னப்படகுகள், வெள்ளைக் கழுத்துகளை நீட்டிக்கொண்டு, வெடித்த சேற்றில் சாய்ந்து நின்றன. படகு தரையில் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சங்குமுனை ஆண்கள் வேலியைத் தாண்டிப் போய், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அவற்றைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் விடிவதற்கு வெகுமுன்பே எட்டிப்பாறைக்கு மலையேற்றம். வழிகாட்டியாக வந்தவன் நயினார் என்ற உள்ளூர் இளைஞன். அவன் பேசாமல் முன்னால் நடந்தான், அவர்கள் பேசிக்கொண்டே பின்னால் நடந்தார்கள். சோலைக்காட்டின் ஈர இருட்டுக்குள் நுழைந்தார்கள், அட்டைகளுக்குப் புகையிலை தேய்த்துக்கொண்டார்கள், வேர்களைப் படியாக்கி ஏறினார்கள், மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் உட்கார்ந்து கருவாட்டுச் சோற்றைப் பிரித்தார்கள், புல்வெளிக்கு வந்தார்கள், புல்வெளியும் முடிந்து வானம் மட்டும் மிச்சமிருந்த இடத்தில் எட்டிப்பாறை வந்தது. அங்கே நின்று எட்டிப் பார்த்தபோது பள்ளத்தாக்கு இல்லை. பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் விளிம்பு வரை வெண்மேகம் தளும்பி நின்றது. கிழக்கே சூரியன் அப்போதுதான் எழும்பியிருந்தது. மேகத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே, கரடிமேடு என்ற மலை தீவுபோலத் தெரிந்தது. எட்டிப்பாறைக்குக் கொஞ்சம் தெற்கே, ஏறுவதற்குப் பாதையே இல்லாத ஒத்தைக்கொம்பு என்ற செங்குத்துப் பாறை, கப்பல் பாய்மரம்போல மேகத்துக்குள்ளிருந்து எழுந்து நின்றது.

"எம்மா, கடலு!" என்றாள் ஜெனோவாவின் பக்கத்து வீட்டுக்காரி பிரகாசி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஊளையிட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பாறை அவர்கள் பெயர்களைத் திருப்பிக் கொடுத்தது. பெர்க்மான்ஸ் மட்டும் விளிம்புக்கு வராமல், அங்கே தனியாக நின்ற ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

நயினாரும் கத்தவில்லை. அவன் கரடிமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரோ வெள்ளை வேட்டி ஒன்றை ஆட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"யாருய்யா அது?" என்று கேட்டாள் ஜெனோவா.

"மாப்ளை வீட்டுக்காரங்க அக்கா. இன்னைக்கு என் தங்கச்சி வடிவுக்குக் கல்யாணம். நேத்து ராத்திரி கரடிமேட்டுப் பக்கம் பேஞ்ச மழையில ரோடு உடைஞ்சிபோச்சு. கீழ இறங்கி ஏறணும்னா பொழுது சாஞ்சிரும். வேற வழியா கிளம்பிட்டாங்களான்னு பாக்கத்தான் காலையிலேயே உங்களக் கூட்டிக்கிட்டு வந்தேன்." அவன் உதட்டைக் கடித்தான். "இதுக்கு முன்னால ஒருதடவ சாவு விழுந்து நின்னுச்சு, ஒருதடவ வெள்ளம் வந்து நின்னுச்சு. இந்தத் தடவையும் நின்னா, இனிமே எனக்கு நாளே குறிக்காதீங்கன்னு சொல்லிட்டா."

ஜெனோவா கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து அவனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்கலாமென்று திரும்பியபோது, சட்டி நழுவியது, பாறையில் ஒருமுறை மோதியது, விளிம்பைத் தாண்டியது. அது கீழே விழவில்லை. மேகத்தின் மேல் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஆடி, பிறகு மெல்ல வடக்குப் பக்கமாக நகர ஆரம்பித்தது.

நல்ல சட்டி அது. ஜெனோவா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறையைப் பிடித்து இறங்கி, மேகத்தில் ஒரு காலை வைத்தாள். முழங்கால் வரை உள்ளே போயிற்று. அதற்கப்புறம் போகவில்லை. சட்டியை எட்டி எடுத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, தாங்குதுங்க."

"எது?"

"மேகம்."

 மரத்தடியிலிருந்து பெர்க்மான்ஸ் கேட்டான்: "ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வந்து பாருங்க."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து விளிம்புக்கு வந்து, கையை மட்டும் கீழே விட்டு மேகத்துக்குள் வைத்தான். விரலை நக்கிப் பார்த்தான். "உப்பில்ல. வடக்க இழுக்கு, லேசாத்தான். வள்ளம் போகும்," என்றான்.

நயினார் அதற்குள் குறுக்குப் பாதையில் ஊரை நோக்கி ஓடியிருந்தான். கல்யாண வீட்டில் சேதியைச் சொன்னதும், பந்தலில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்தார்கள். யோசித்தது மேகம் தாங்குமா என்பதையல்ல, படகுக்கு எங்கே போவது என்பதைத்தான். ஏரிக்கரை வேலி அவிழ்க்கப்பட்டது. அன்னப்படகுகளில் நல்லவையாகப் பார்த்து நான்கைத் தூக்கினார்கள். சமையல்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்கள், நாதஸ்வரக்காரர் முன்னால் ஊதிக்கொண்டே வந்தார், டீக்கடைக்காரர் பாய்லரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு கூட்டம் கூடினால் டீ விற்குமல்லவா. வனக்காவலர் ஒருவர் வழிமறித்து, மேகம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா வெளியே வருகிறதா என்று மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். "கேட்டுக்கிட்டே தூக்குங்கண்ணே," என்று ஒரு பெண் சொன்னாள். அவரும் ஒரு அன்னத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கழுத்துகள் நான்கும் சோலைக்காட்டின் மரங்களுக்கிடையே ஆடி ஆடி ஏறி வந்ததைப் பார்த்த கருமந்திகள் கிளைகளில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

படகுகள் மேகத்தில் இறங்கின. மிதந்தன. அப்போதுதான் ஒரு காற்று வந்து, மேகத்தில் சன்னலளவு ஓட்டை விழுந்தது. அதன் வழியே கீழே, கடுகுபோல, வீடுகள் தெரிந்தன. எத்தனையோ புயலில் தப்பி வந்த சங்குமுனை ஆண்கள் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

"நான் போறேன்," என்றாள் ஜெனோவா.

கூட்டத்தில் மூத்தவரான சேசடிமை தலையை ஆட்டினார். "பொம்பள தொழிலுக்குப் படகேறுன வழக்கம் நம்மகிட்ட இல்லையேம்மா."

"அந்த வழக்கம் கடலுக்கு, பெரியப்பா. இது கடலா?"

அவர் மேகத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். அது விரலிடுக்கில் புகைந்து போயிற்று. "கடலில்லதான்," என்று ஒப்புக்கொண்டார்.

பிரகாசி அடுத்த படகில் ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் ஏறினார்கள். முன்படகில் ஜெனோவாவுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பெர்க்மான்ஸ் துண்டால் தன் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டான். "என்னத் தூக்கி அதுல வைங்கல," என்றான். வைத்தார்கள்.

"நீ பாத்துச் சொல்லு. நான் கை வச்சிச் சொல்லுதேன்," என்றான் அவளிடம்.

கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய நான்கு அன்னங்களும் கரையை விட்டன. ஜெனோவா மிதித்தாள். இத்தனை வருசமாக யாரோ கொண்டுவந்து இறக்கியதை வாங்கி விற்றவள், தான் போய்ப் பார்க்காத இடத்தின் வாசனையை மட்டும் கூடையில் சுமந்தவள், இப்போது கழுத்தை நீட்டிய ஒரு வெள்ளைப் பறவையின் வயிற்றில் உட்கார்ந்து வானத்தின் நடுவில் போனாள். மேகம் இரண்டு பக்கமும் பஞ்சுபோலப் பிரிந்து பின்னால் மூடிக்கொண்டது, கழுகொன்று காலடியிலிருந்து எழும்பி முகத்துக்கு நேரே வந்து அவளைப் பார்த்துவிட்டு மேலே போயிற்று, குளிர் பல்லைத் தொட்டது, பின்படகுகளில் பெண்கள் வலை இழுக்கும் அம்பாப்பாட்டுப் பாடினார்கள், ஆண்கள் பாடக் கரையில் நின்று கேட்டே மனப்பாடமான பாட்டு. ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், நிறுத்த முடியவில்லை.

"எதுக்குளா சிரிக்க?"

"தெரியலங்க. நீங்களும் சிரிங்க."

கண் கட்டிய பெர்க்மான்ஸும் சிரித்தான்.

கரடிமேட்டில் மாப்பிள்ளை இசக்கிராஜா பட்டுவேட்டியோடு விளிம்பிலேயே நின்றிருந்தான். அவன் எதுவும் கேட்காமல் ஏறிவிட்டான். அவனுடைய அம்மாதான் தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "வர்ற வழியில ராகுகாலம் ஏதும் குறுக்க வருமா?" என்று விசாரித்தாள். அவளைக் கடைசிப் படகில் உட்காரவைத்து, சீர்வரிசைத் தட்டுகளை மடியில் வைத்து, வாழைத்தார்களைக் கால்மாட்டில் போட்டு, சொந்தக்காரர்களை நெருக்கி ஏற்றி முடிக்கும்போது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

பெர்க்மான்ஸ் கையை மேகத்தில் வைத்தான். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தான்.

"ஏளா, வேகம் கூடிட்டு. மேகமும் மெலிஞ்சிட்டு. நேரா விடு, ஒரே பிடியா எட்டிப்பாறைக்கு."

ஜெனோவா நேராகப் பார்த்தாள். நேர்வழியில் வெயில் விழுந்த இடமெல்லாம் மேகம் ஆவி பறந்துகொண்டிருந்தது. தெற்கே, ஒத்தைக்கொம்பின் நிழல் ஒரு தெருவைப்போல நீளமாக மேகத்தின் மேல் கிடந்தது. நிழலுக்குள் மேகம் தயிர்போல இறுகியிருந்தது.

"நேரா வேண்டாங்க. தெக்க போறேன். ஐஸு வெயில்ல நிக்குமா, நெழல்லதான் நிக்கும்."

"சுத்துளா! தெக்க போனா ஓட்டத்த எதுத்து மிதிக்கணும். நான் சொல்லுதத கேளு."

"நீங்க கண்ணக் கட்டியிருக்கீங்க. நான் பாக்கேன்."

 எத்தனையோ வருசம் வள்ளத்தின் பின்னணியத்தில் சுக்கானைப் பிடித்து நின்று பெர்க்மான்ஸ் சொன்னதே சொல்லாக இருந்தது. இப்போது அவன் கால்களை அழுத்தி வைத்தான். "எந்தப் பக்கம் மிதிக்கணும், சொல்லு," என்றான்.

அவர்கள் நிழலைப் பிடித்தார்கள். ஆனால் சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கிக்கொண்டே போயிற்று. அதன் நுனி முன்னால் ஓட, அன்னங்கள் பின்னால் துரத்தின. கடைசிப் படகின் வால் வெயிலில் மாட்டியதும் அது அமிழ்ந்தது, மேகம் மாப்பிள்ளையின் அம்மா இடுப்பு வரை வந்தது. "வாழைத்தாரத் தள்ளுங்க!" என்று பிரகாசி கத்தினாள். வாழைத்தார்கள் போயின, அண்டா போயிற்று, குத்துவிளக்கு போயிற்று. விழுந்த சத்தம் எதற்குமே வரவில்லை. இசக்கிராஜா பட்டுவேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தான், பெண்கள் "ஏலேலோ" என்று மிதித்தார்கள், ஜெனோவா எழுந்து நின்றே மிதித்தாள், ஒத்தைக்கொம்பின் அடி வந்தது, குளிர்ந்த, கெட்டியான, அடர்ந்த மேகம் வந்தது, அமிழ்ந்த படகு மெல்ல மேலே எழும்பியது. அங்கிருந்து எட்டிப்பாறை கூப்பிடு தூரம்தான்.

வடிவு வீட்டில் காத்திருக்கவில்லை. கூறைச்சேலையோடு மலையேறி வந்து பாறை விளிம்பில் நின்றிருந்தாள். காலில் அட்டை கடித்த ரத்தம்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான வழியே போட்டாங்க," என்றான் இசக்கிராஜா, மூச்சு வாங்க.

ஊருக்கு இறங்கினால் முகூர்த்தம் தப்பிவிடும் என்பதால், எட்டிப்பாறையிலேயே தாலி கட்டினார்கள். சங்குமுனைப் பெண்கள் இட்ட குலவை கரடிமேடு வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் ஒருமுறை வாழ்த்திற்று.

அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்க, காலையில் மேகம் திரண்ட நாளெல்லாம் அது தாங்கியது. கூதல்மேட்டுக்காரர்கள் அதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். கரடிமேட்டுப் பால்காரர் அன்னத்தில் வந்து பால் ஊற்றினார், முன்பைவிடத் தண்ணீர் அதிகமாயிருப்பதாகப் பெண்கள் சண்டை போட்டார்கள், அவர் அது மேகம் கலந்தது, தன் குற்றமல்ல என்றார். டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சை மேகத்தில் மிதக்கவிட்டுப் பாறையோடு சங்கிலி போட்டுக் கட்டினார். தெருநாய்கள் வெயில் வரும்வரை மேகத்தில் படுத்துத் தூங்கின. மேகம் தங்கள் பக்கத்திலிருந்துதான் எழுகிறது, ஆகவே முதல் படகு தங்களுடையது என்று இரண்டு மலைக்காரர்களும் பஞ்சாயத்து வைத்து, பிறகு இப்போது சம்பந்திகளாகிவிட்டோமே என்று கலைந்துபோனார்கள். வெயில் ஏறிய பின் மேகத்தில் இருப்பவர்களுக்கு ஊராட்சி பொறுப்பல்ல என்று தலைவர் பலகை வைத்தார். வனக்காவலருக்கு மேலிடத்திலிருந்து பதில் வரவேயில்லை.

சங்குமுனைக்காரர்களைக் கல்யாண வீட்டார் விடவில்லை. விருந்து தொடர்ந்தது, வேனை அனுப்பிவிட்டார்கள். ஒரு காலையில் ஜெனோவாவும் பிரகாசியும் மற்றப் பெண்களும் மணப்பெண் வடிவையும் கூட்டிக்கொண்டு, அதிரசம் ஒரு டப்பா, தண்ணீர், போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு படகுகளில் ஏறினார்கள்.

"எங்கன போற?" என்றான் பெர்க்மான்ஸ், மரத்தடியிலிருந்து.

"ஒத்தைக்கொம்புக்கு. ஒருத்தரும் ஏறுனதில்லையாமே."

மேகத்திலிருந்து தொடங்கினால் ஒத்தைக்கொம்பின் உச்சி அவ்வளவு தூரமில்லை. விரலுக்கு இடம் கொடுக்கும் வெடிப்புகள் இருந்தன, சேலைகளை முடிந்து கயிறாக்கினார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறினார்கள், வடிவு எல்லோருக்கும் முன்னால் போனாள். உச்சியில் கட்டில் அகலத்துக்குப் புல்லும் அதில் பெயர் தெரியாத நீலப்பூக்களும் இருந்தன. நின்று பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, நீலம் வெளிறி வெளிறி வானத்தில் முடிகிறவரை மலை. யாரும் கத்தவில்லை. கத்தவே தோன்றவில்லை. கீழே மேகம் கலைய ஆரம்பித்ததை ஜெனோவா பார்த்தாள். படகுகளைப் பாறை இடுக்கில் இழுத்துச் செருகியிருந்தார்கள், பயமில்லை.

"இப்பக் கிளம்புனா போயிரலாம்," என்றாள் பிரகாசி.

"நாளைக்கும் மேகம் வரும்ல?" என்றாள் ஜெனோவா. வடிவு அதிரச டப்பாவைத் திறந்தாள்.

எட்டிப்பாறையில் ஆண்கள் கூடிவிட்டார்கள். கைகாட்டினார்கள், கூப்பிட்டார்கள், வேட்டியை ஆட்டினார்கள். பெண்கள் பதிலுக்குக் கையாட்டிவிட்டு உட்கார்ந்து பாடினார்கள். சாயங்காலம் காற்று திசைமாறி அடித்தபோது பாட்டுக் கேட்கவில்லை. ஆண்களுக்கு அதுதான் தாங்கவில்லை. யாரும் ஊருக்கு இறங்கவில்லை. இசக்கிராஜா நின்ற இடத்திலேயே நின்றான். சேசடிமை செபமாலையை எடுத்தார். பெர்க்மான்ஸ் மரத்தை விடவில்லை. கரையில் நிற்பது என்றால் இதுதானா என்று அவனுக்குத் தோன்றியது, இதைத்தான் அவள் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருந்தாளா என்று தோன்றியது.

விடிந்தது. மேகம் மெல்ல மெல்ல எழும்பிப் பள்ளத்தை நிரப்பிற்று. ஒத்தைக்கொம்பின் பக்கமிருந்து வெள்ளைக் கழுத்து ஒன்று தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு சிரிப்புச் சத்தம். முன்படகில் ஜெனோவா நின்றுகொண்டு வந்தாள். தலையில் நீலப்பூ.

"சாப்பிட்டியாளா?" என்று கத்தினான் பெர்க்மான்ஸ். 

"பசி உயிர் போகுது. மொதல்ல கயித்தப் பிடிங்க!"

அவள் வீசிய கயிறு பாறைக்கு எட்டாமல் மேகத்தில் விழுந்தது. பெர்க்மான்ஸ் மரத்தை விட்டான். விளிம்புக்கு நடந்து வந்தான், பாறையைப் பிடித்து இறங்கினான், முழங்காலளவு மேகத்தில் நின்று, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தான்.